சத்திரம் பேருந்து நிலையத்தில் 'ஃப்ரீ': ஓர் ஆங்கிலப் பெயரடையின் தமிழ் வழக்கும் பொருள் வேறுபாடும்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்திலிருந்து தமிழ்ப் பேச்சு வழக்கில் கலந்த பெயரடைகளுள் 'ஃப்ரீ' என்பது மிகுதியாகப் பயிலும் ஒன்று. விலையின்மை, ஓய்வு, தளர்வு, தடையின்மை, தயக்கமின்மை எனப் பல பொருள்களில் அது வழங்குகிறது. இப்பொருள்களை வேறுபடுத்துவது அச்சொல்லன்று. அதனோடு இணையும் தமிழ் வினையும் வேற்றுமை உருபும் எழுவாயுமே என்பதை இக்கட்டுரை காட்டுகிறது. திருச்சிராப்பள்ளி சத்திரம் பேருந்து நிலையச் சூழலில் மகளிர் கட்டணமில்லாப் பயணம் குறித்து இச்சொல் வழங்கும் முறை சிறப்பாக ஆராயப்படுகிறது. கட்டணத்திற்குரிய பண்பு பயணிக்குரிய பண்பாக மாறுவதும், அம்மாற்றத்தில் தமிழின் 'கொடை' சார்ந்த சொற்களுக்குள்ள பங்கும் விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஃப்ரீ, பெயரடை, கடன்சொல், கட்டணமில்லா, இலவசம், ஓசி, ஆகுபெயர், சத்திரம்.

முன்னுரை

செய்யுள் இயற்றுதற்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்த தொல்காப்பியம், பிறமொழிச் சொல் தமிழுக்குள் வருவதைக் குறையாகக் கருதவில்லை. அது எவ்வாறு வரவேண்டும் என்பதற்கே நெறி கூறியது. இக்கால ஆங்கிலக் கடன்சொற்கள் பற்றிய உரையாடலோ பெரும்பாலும் 'கலப்பா, தூய்மையா' என்னும் எல்லையிலேயே நின்றுவிடுகிறது. வந்த சொல் தமிழில் என்ன பணி செய்கிறது, எந்தப் பொருளை ஏற்றது, எதை விட்டது, அதனால் யாருக்கு என்ன நேர்கிறது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன.

இவ்வினாக்களுக்கு ஏற்ற களம் சத்திரம் பேருந்து நிலையம். மலைக்கோட்டைக்கும் தூய வளனார் கல்லூரிக்கும் அருகில், காவிரியைக் கடந்து திருவரங்கம் செல்லும் வழியில் அமைந்த இந்நிலையத்தில் மாணவர், கடைப் பணியாளர், கோயிலுக்குச் செல்வோர், சந்தைக்கு வருவோர் எனப் பலரும் கூடுகின்றனர். திருச்சிராப்பள்ளியில் அரசு நகரப் பேருந்துகளோடு தனியார் நகரப் பேருந்துகளும் ஓடுகின்றன. எனவே 2021ஆம் ஆண்டிற்குப் பின் இங்கு ஒரு பெண் பேருந்தில் ஏறுமுன் 'இது ஃப்ரீயா?' என்று கேட்பது பொருளுள்ள வினா. இவ்வினாவில் உள்ள சொல்லே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள். பொதுவழக்கில் பயிலும் தொடர்கள் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. எண்ணிக்கை சார்ந்த முடிவு எதுவும் முன்வைக்கப்படவில்லை.

சொல்லின் வரலாறு

ஆங்கிலத்தில் இச்சொல்லின் தொல்பொருள் விலையோடு தொடர்புடையதன்று. செருமானியக் கிளைமொழிகளில் வழங்கிய இதன் மூலவடிவம், அன்பிற்குரியவர் என்னும் பொருளுடைய இந்தோ ஐரோப்பிய வேரிலிருந்து பிறந்தது என்பது மொழியியலாளர் கருத்து. நண்பனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும், அன்பிற்குரிய என்னும் பொருள்படும் 'ப்ரிய' என்ற வடசொல்லும் அவ்வேரின் கிளைகளே. குடும்பத்தைச் சேர்ந்தவர், நம்மவர் என்னும் பொருளிலிருந்து அடிமையல்லாதவர் என்னும் பொருள் பிறந்தது. கட்டுப்பாடற்ற, தடையற்ற, விலையற்ற என்பன பின்னர்க் கிளைத்தவை.

தமிழில் 'பிரியம்' வடமொழி வழியாகவும், 'ஃப்ரீ' ஆங்கில வழியாகவும் வந்து சேர்ந்தன. ஒரே வேரின் இரு கிளைகள் இரு வேறு காலங்களில் தமிழில் குடியேறியும், ஒன்றையொன்று அறியாதவை போல வழங்குகின்றன. தமிழ்ப் பேச்சு ஏற்ற 'ஃப்ரீ'யில் அன்பின் சாயல் இல்லை; அடிமையின்மை என்னும் பொருளும் இல்லை. அப்பொருளுக்கு விடுதலை, சுதந்திரம் ஆகிய சொற்கள் முன்பே இருந்தமையால், கடன்சொல் அங்கே இடம்பெறத் தேவை எழவில்லை. 1947இல் நாடு 'ஃப்ரீ' ஆனது என்று எவரும் சொல்வதில்லை.

வினையும் எழுவாயும் தரும் பொருள்

ஆங்கிலப் பெயரடைகள் தமிழில் வெறும் அடிச்சொல்லாக நுழைந்து, 'ஆன', 'ஆக' என்னும் தமிழ் உறுப்புகளை ஏற்று இயங்குகின்றன. 'ஃப்ரீ'யைப் பொறுத்தவரை 'ஃப்ரீயான' என்ற வடிவத்தைவிட 'ஃப்ரீயா' என்ற வடிவமே பெருவழக்கு. 'ஃப்ரீயா' என்பது தனித்து நின்றால் பொருள் துலங்காது. பின்வரும் வினையே அதற்குப் பொருள் தருகிறது.

'ஃப்ரீயாக் கொடுத்தார்கள்' என்றால் விலையின்றி. 'ஃப்ரீயா இருந்தா வாங்க' என்றால் ஓய்வாக. 'ஃப்ரீயாப் பேசுங்க' என்றால் தயக்கமின்றி. 'ஃப்ரீயா விடுங்க' என்றால் பொருட்படுத்தாமல். 'சட்டை ஃப்ரீயா இருக்கு' என்றால் தளர்வாக. பட்டறையில் 'நட்டு ஃப்ரீயாச் சுத்துது' என்றால் பிடிப்பின்றி. இங்கு அது குறையைச் சுட்டுகிறது. கல்லூரியில் 'ஃப்ரீ பீரியடு' என்றால் பாடமில்லாத வேளை. கடையில் 'ஃப்ரீ சைஸ்' என்றால் எவருக்கும் பொருந்தும் அளவு. இவை அனைத்திற்கும் பொதுவாக நிற்பது ஓர் 'இன்மை'. விலை, வேலை, தயக்கம், பிடிப்பு, இறுக்கம் ஆகியவற்றுள் எது இல்லை என்பதைச் சூழலும் வினையும் உணர்த்துகின்றன.

எழுவாயும் பொருளை வரையறுக்கிறது. 'இந்த பஸ் ஃப்ரீ' என்பதற்குக் கட்டணம் இல்லை என்று பொருள். 'இந்த பஸ் ஃப்ரீயா இருக்கு' என்பதற்குக் கூட்டம் இல்லை என்று பொருள். இருக்கையில் அமர விரும்புபவருக்கு இரண்டாம் தொடரும், கையில் சில்லறை இல்லாதவருக்கு முதல் தொடரும் பயன்படும். வெறும் 'ஃப்ரீ' நிலைத்த தன்மையையும், 'ஃப்ரீயா இரு' என்பது அப்போதைய நிலையையும் சுட்டுகின்றன. 'அவள் அழகு', 'அவள் அழகாக இருக்கிறாள்' என்னும் தொடர்களிடையே தமிழில் ஏற்கெனவே உள்ள வேறுபாட்டையே கடன்சொல்லும் பின்பற்றுகிறது. உயர்திணை எழுவாயோடு வரும்போது வேறொரு மாற்றம் நிகழ்கிறது. 'நாளைக்கு நான் ஃப்ரீ' என்பதில் விலைக்கு இடமே இல்லை, ஓய்வே பொருள். ஆகவே அஃறிணைக்கு விலையின்மையும் உயர்திணைக்கு ஓய்வும் என ஒரு பங்கீடு பேச்சுவழக்கில் அமைந்துள்ளது. இப்பங்கீடு உடையும் இடம் பேருந்து.

உருபு மறையும் இடம்

2021 மே 7 அன்று பதவியேற்ற தமிழ்நாட்டு அரசு, சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்ய ஆணையிட்டது. மறுநாள் முதல் அது நடைமுறைக்கு வந்தது. பின்னர்த் திருநங்கையரும், மாற்றுத்திறனாளிகளும் அவர்தம் உதவியாளரும் இச்சலுகைக்குள் சேர்க்கப்பட்டனர். திட்டத்திற்கு 'விடியல் பயணம்' என்ற பெயரும் வந்தது. ஆனால் மக்கள் வாயில் நிலைபெற்ற பெயர் 'ஃப்ரீ பஸ்'.

இத்தொடரில் முதலில் நிகழ்வது வகைப்பாடு. சத்திரத்தில் தனியார் பேருந்தும் அரசுப் பேருந்தும் அடுத்தடுத்து நிற்கையில், 'ஃப்ரீ பஸ்' என்பது அரசு நகரப் பேருந்தைத் தனியார் பேருந்திலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளமாகிறது. கட்டணம் செலுத்தி அதே பேருந்தில் ஏறும் ஆணும் அதை 'ஃப்ரீ பஸ்' என்றே சொல்லக்கூடும். அவருக்கு அது ஃப்ரீ அன்று. பெயர் மட்டும் ஃப்ரீ. இதுவரை இழுக்கு எதுவும் இல்லை.

அடுத்த மாற்றம் வேற்றுமை உருபில் நிகழ்கிறது. 'பெண்களுக்கு ஃப்ரீ' என்ற தொடரில் நான்காம் வேற்றுமை உருபு, பயன் பெறுபவரையும் விலையற்ற பொருளையும் தனித்தனியே நிறுத்துகிறது. 'லேடீஸ் ஃப்ரீ' என்று உருபு மறைந்து தொகையாகும்போது, விலையின்மை கட்டணத்தைவிட்டுப் பெண்களின் மேல் அமர்கிறது.

மூன்றாவது மாற்றம் ஆகுபெயரால் நிகழ்வது. பேருந்து வழக்கில் 'டிக்கெட்' என்பது சீட்டை மட்டுமன்றிச் சீட்டு வாங்கும் ஆளையும் குறிக்கும். 'இன்னும் நாலு டிக்கெட் ஏறணும்' என்பதில் ஏறுவது மனிதர். கட்டணமில்லாப் பயணிகளுக்கும் சீட்டு வழங்கப்படுவதால், இவ்வழக்கின்படி 'ஃப்ரீ டிக்கெட்' என்பது சீட்டையும் குறிக்கலாம், அதைப் பெற்ற பெண்ணையும் குறிக்கலாம். ஓய்வு என்னும் பொருளில் மட்டும் உயர்திணையைச் சார்ந்துவந்த சொல், இங்கே விலையின்மை என்னும் பொருளோடு உயர்திணையைச் சார்கிறது. கட்டணத்தின் பண்பு ஆளின் பண்பாகிறது. சொல்பவருக்கு இழிவுபடுத்தும் எண்ணம் இருக்கவேண்டும் என்பதில்லை. வழக்கின் ஓட்டமே இதைச் செய்துவிடும்.

இவ்வாறு நேராத பயணங்களும் உண்டு. பள்ளி மாணவர் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். அது 'பஸ் பாஸ்' எனப்படுகிறது. விடுதலைப் போராட்ட வீரர், அகவை முதிர்ந்த தமிழறிஞர், சட்டமன்ற உறுப்பினர் ஆகியோருக்கும் அரசுப் பேருந்தில் கட்டணமில்லாப் பயண உரிமை வழங்கப்பட்டுள்ளது. இவர்களுள் எவரையும் 'ஃப்ரீ' என்று சுட்டும் வழக்கு இல்லை. அவர்தம் பயணத்திற்குப் பெயர் தருவது கையில் உள்ள அட்டை. அட்டைக்குப் பின்னால் உள்ளது ஒரு தகுதி. மகளிர் பயணத்திற்கு அட்டை தேவையில்லை. எளிமைக்காகச் செய்யப்பட்ட இவ்வேற்பாடு, பெயரிடுவதற்கான இடத்தை வெற்றாக விட்டது; அவ்விடத்தில் 'ஃப்ரீ' வந்து நின்றது.

ஈ, தா, கொடு: சொல் காட்டும் நிலை

கொடுத்தல் பற்றிய சொற்கள் கொள்வோர் நிலையையும் காட்டும் என்பது தமிழ் இலக்கணம் நெடுங்காலத்திற்கு முன்பே கண்ட உண்மை. ஒன்றைக் கேட்பவர் தாழ்ந்தவராயின் 'ஈ' என்றும், ஒத்தவராயின் 'தா' என்றும், உயர்ந்தவராயின் 'கொடு' என்றும் கூறுவர் என்பது தொல்காப்பிய எச்சவியல் தரும் செய்தி. கைமாறும் பொருள் ஒன்றே. சொல் மாறுவதால் இருவரிடையேயான உயரம் தெரியவருகிறது. திருக்குறள் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாமல், இரவு, இரவச்சம் என இரு அதிகாரங்களைக் கேட்பவர் பக்கம் நின்று வகுத்ததும் இதே உணர்வால்தான்.

இக்காலத்தில் ஓசி, ஃப்ரீ, இலவசம், விலையில்லா, கட்டணமில்லா என்னும் சொற்கள் அத்தகைய ஓர் அளவுகோலாக அமைந்துள்ளன. 'ஓசி' என்பது கொள்பவரைக் குறைகூறும் சொல். கிழக்கிந்தியக் கம்பெனியின் அஞ்சல்களில் இடப்பட்ட எழுத்துக்களிலிருந்து அது வந்தது என்று பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் கதையளவிலேயே கொள்ளத்தக்கது. அதன் இன்றைய தொனியில் ஐயமில்லை. 2022 செப்டம்பரில் அமைச்சர் ஒருவர் பொதுமேடையில் மகளிர் பயணத்தைச் சுட்ட இச்சொல்லைப் பயன்படுத்தியபோது எழுந்த எதிர்ப்பு, சொல்லின் எடையை மக்கள் நுட்பமாக அறிவர் என்பதற்குச் சான்று. பயணத்தின் உண்மை மாறவில்லை. கட்டணம் முன்பும் இல்லை, பின்பும் இல்லை. மாறியது பயணியின் உயரம்.

அரசும் இவ்வளவுகோலை அறிந்தே இயங்கியுள்ளது. 2006இல் ஆட்சிக்கு வந்த அரசு வழங்கியது 'இலவச' வண்ணத் தொலைக்காட்சி. 2011இல் வந்த அரசு வழங்கியவை 'விலையில்லா' மடிக்கணினி, 'விலையில்லா' மிதிவண்டி. 2021இல் வந்தது 'கட்டணமில்லா'ப் பயணம். இவற்றுள் 'கட்டணமில்லா' என்பது இலக்கண நோக்கில் சிறப்புடையது. 'இலவசம்' கொடுக்கும் செயலை முன்னிறுத்துகிறது. கொடுப்பவர் ஒருவர் உண்டு என்பதை உணர்த்துகிறது. 'கட்டணமில்லா' என்னும் எதிர்மறைப் பெயரெச்சமோ இல்லாதது எது என்பதை வெளிப்படையாகச் சொல்லிப் பயணத்தைத் தழுவி நிற்கிறது, பயணியைத் தொடுவதில்லை. 'சுகர் ஃப்ரீ', 'டோல் ஃப்ரீ' ஆகிய தொடர்களில் ஆங்கிலம் செய்வதும் இதுவே. ஆயினும் 'ஃப்ரீ பஸ்' என்னும் வழக்கில் எது இல்லை என்பது சொல்லப்படாமல் விடப்படுகிறது. அதனால் போக்குவரத்துக் கழகங்களுக்கு இப்பயணத்திற்குரிய தொகையை அரசு தன் நிதியிலிருந்து ஈடுசெய்கிறது என்பதும், அந்நிதியில் பயணம் செய்யும் பெண் செலுத்தும் வரியும் அடங்கும் என்பதும் மறைந்துபோகின்றன.

இதனால் 'இலவசம்' இயல்பிலேயே இழிந்த சொல் என்று கொள்ளுதல் பொருந்தாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் தமிழ்ப் பெயரில் இலவசமும் உரிமையும் ஒருங்கே நிற்கின்றன. இலவசச் சட்ட உதவி என்பதிலும் தாழ்வு இல்லை. 'உரிமை' அருகில் நின்றால் 'இலவசம்' நிமிர்கிறது. 'அள்ளி வழங்குதல்' அருகில் நின்றால் குனிகிறது. ஆகவே சொல்லை மாற்றுவதால் மட்டும் பார்வை மாறிவிடாது. புதிய சொல்லும் பழைய பார்வையில் சிக்கினால் காலப்போக்கில் அதே தொனியைப் பெறும். இங்குக் கருதத்தக்கது சொல்லைவிட அச்சொல் எதனோடு இயைகிறது என்பதே.

சத்திரமும் திருவரங்கமும்

இவ்விவாதத்திற்கு இடப்பெயரே ஒரு சான்று. வழிப்போக்கர்க்கு விலையின்றி உறையுளும் உணவும் அளித்த அறநிலையம் சத்திரம். மதுரை மங்கம்மாள் சத்திரம், தஞ்சை மராட்டியர் ஒரத்தநாட்டில் நிறுவிய முத்தாம்பாள் சத்திரம் போன்றவை அவ்வகையின. திருச்சிராப்பள்ளியின் இப்பகுதியும் அப்பெயராலேயே வழங்குகிறது. சத்திரத்தில் தங்கியவரைச் சுட்ட 'வழிப்போக்கர்' என்ற சொல் இருந்தது. அது அவர் செய்யும் செயலால் பெற்ற பெயர்; பெற்ற உதவியால் வந்த பெயரன்று.

சத்திரத்திலிருந்து சிறிது தொலைவில் உள்ள திருவரங்கத்தில் இந்நுட்பத்தின் மற்றொரு பக்கத்தைக் காணலாம். அரங்கநாதர் கோயிலில் நாள்முழுவதும் நடைபெறும் அன்னதானத் திட்டம் 2012இல் தொடங்கப்பட்டது. அங்கு உண்பவர் 'ஃப்ரீ சாப்பாடு' உண்டதாகப் பொதுவாகச் சொல்வதில்லை. அன்னதானத்தில் உண்டதாகவோ பிரசாதம் பெற்றதாகவோ சொல்கின்றனர். வழிபாட்டு வரிசையிலோ நிலை வேறு. தமிழகக் கோயில்களில் கட்டண வரிசை ஏற்பட்டபின், கட்டணமில்லா வழிக்கு இலவச தரிசனம், தர்ம தரிசனம், பொது தரிசனம், ஃப்ரீ தரிசனம் எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. இவற்றுள் 'பொது' என்ற சொல் கூர்ந்து நோக்கத்தக்கது. அது விலையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை; எல்லோர்க்கும் உரியது என்று மட்டும் சொல்கிறது. கட்டணம் செலுத்துவதே விதிவிலக்கு என்ற உணர்வு அதில் காக்கப்படுகிறது. 'ஃப்ரீ' என்று சொல்லும்போது கட்டணமே விதியாகி, மற்றது சலுகையாகிறது.

கட்டற்ற என்னும் முன்மாதிரி

ஒரே பெயரடையில் விலையின்மையும் விடுதலையும் கலந்து நிற்பது ஆங்கிலத்திற்கே இடர் தந்துள்ளது. மென்பொருளைப் பயன்படுத்தவும் ஆராயவும் மாற்றவும் பகிரவும் உரிமை வேண்டும் என்ற இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்டு ஸ்டால்மன், தாம் குறிப்பது விலையன்று, விடுதலையே என்று மீண்டும் மீண்டும் விளக்க நேர்ந்தது. தமிழில் அவ்விளக்கம் வேண்டியிராத வகையில் 'கட்டற்ற மென்பொருள்' என்ற தொடர் அமைந்தது. தமிழ் விக்கிப்பீடியாவும் தன்னைக் 'கட்டற்ற கலைக்களஞ்சியம்' என்றே அழைத்துக்கொள்கிறது. பொருளியலில் 'தடையற்ற வணிகம்' என்பதும் இத்தகையதே. ஆங்கிலம் ஒரு சொல்லால் மயங்கும் இடத்தில் தமிழ் இரு சொற்களால் தெளிகிறது. இவ்வாற்றலை மொழிபெயர்ப்பாளர் பயன்படுத்திய அளவிற்குப் பொதுவழக்கு பயன்படுத்தவில்லை.

மயக்கம் எப்போதும் குறையும் அன்று. 'ஃப்ரீயாப் போயிட்டு வரலாம்' என்று ஒரு பெண் சொல்வதை இருவகையாகக் கேட்கலாம். காசில்லாமல் போய்வரலாம் என்பது ஒன்று. தடையில்லாமல் போய்வரலாம் என்பது மற்றொன்று. என்.எஸ்.பி. சாலைத் துணிக்கடைக்கு வேலைக்கு வருபவருக்கும், காந்தி சந்தையில் காய் வாங்கித் தெருவில் விற்பவருக்கும் இவ்விரு பொருள்களும் ஒன்றையொன்று சார்ந்தவை. பயணச் செலவுக்குக் கணவரிடமோ மகனிடமோ கேட்க வேண்டியிருந்தபோது, கேட்டலே பயணத்திற்குத் தடையாக இருந்தது. அக்கேள்வி நீங்கியதும் தடையும் நீங்குகிறது. இத்திட்டத்தால் பெண்கள் சராசரியாக மாதம் 888 ரூபாய் சேமிப்பதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கண்டது. அத்தொகை முதற்பொருளின் அளவு. இரண்டாம் பொருளின் அளவு, அவர் யாரிடமும் கேளாமல் ஏறிய பயணங்களில் உள்ளது. 'ஓசி' என்று கேட்கும் செவி முதற்பொருளை மட்டுமே கேட்கிறது. அதையும் குறைத்துக் கேட்கிறது.

முடிவுரை

'ஃப்ரீ' என்னும் பெயரடை தமிழில் ஓர் இன்மையைக் குறிக்கும் பொதுச்சொல்லாக வழங்குகிறது. எதன் இன்மை என்பதை வினை, எழுவாய், வேற்றுமை உருபு ஆகிய தமிழ் உறுப்புகளே முடிவுசெய்கின்றன. இவ்வகையில் அது தமிழ் இலக்கணத்திற்கு உட்பட்ட சொல்லே. மகளிர் பயணச் சூழலில் உருபு மறைவாலும் ஆகுபெயராலும் கட்டணத்தின் பண்பு பயணியின் பண்பாக மாறுகிறது. அரசு ஆவணங்கள் கையாளும் 'கட்டணமில்லா' என்பது இம்மாற்றத்தைத் தடுக்கவல்ல வடிவம். கோயில் வழக்கின் 'பொது' என்பது அதனினும் ஒருபடி மேலானது.

கடன்சொற்களைத் தொகுக்கும் அகராதிப் பணியில், ஒரு சொல்லின் பொருளோடு அது ஏற்கும் வினையையும் உருபையும் சேர்த்துப் பதிவுசெய்தல் பயன்தரும். 'ஃப்ரீ' என்ற சொல்லுக்கு 'இலவசம்' என்று மட்டும் பொருள் எழுதும் அகராதி, சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒரு நாளில் அச்சொல் செய்யும் பணிகளில் ஒன்றை மட்டுமே அறிந்ததாகும். 'இது ஃப்ரீயா?' என்று கேட்டு ஏறும் பெண் ஈகையை வேண்டவில்லை; பொதுப் பேருந்து எது என்பதை அறிய விரும்புகிறார். அவ்வினாவிற்குரிய விடை 'ஆம், ஏறுங்கள்' என்பதே.